பின்சீட்டு இல்லாத கார்

எட்டு மாதமாக நான் எந்தக் காரில் ஏறினாலும் பின்சீட்டில்தான் உட்கார்ந்தேன். அதிலும் ஓட்டுகிறவருக்கு நேர் பின்னால். அங்கே உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் தலையும் சீட்டும் சேர்ந்து சாலையை மறைத்துவிடும். சாலை தெரியாவிட்டால் பயம் கொஞ்சம் அடங்கும். ஆனால் கால் மட்டும் சொன்னதைக் கேட்காது. எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தால் போதும், வலது கால் தானாகப் போய்க் கீழே கிடக்கும் மிதியடியை அழுத்தும். அங்கே பிரேக் கிடையாது என்று எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை.

விபத்து நடந்த அந்த மாலை காரை ஓட்டியது நான்தான். பக்கத்தில் என் மகள். கால்நடை மருத்துவம் படித்து முடித்து, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்து அன்று மூன்றாவது நாள். கல்லூரியில் எனக்கு மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லை. மகளின் வேலையிடத்தைப் பார்த்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டும் வரலாம் என்று பசுமலையிலிருந்து எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. செக்கானூரணிக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம் வரும். அதன் முனையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்விளக்கு இல்லை. எதிரே பஸ். வலப்பக்கம் ஒடிக்க வழியில்லாமல் இடப்பக்கம் ஒடித்தேன். கார் காய்ந்து கிடந்த ஓடைக்குள் சரிந்து, அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக மோதி நின்றது.

எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அவளுக்கு இடது முன்கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தகடு வைத்தார்கள். மாட்டின் வயிற்றுக்குள் கைவிட்டுக் கன்றைத் திருப்ப வேண்டியவளுக்குக் கை முறிந்தால் அது வெறும் கை முறிவு இல்லை. ஆறு மாதம் தினமும் ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள். அந்தப் பந்தின் சத்தம் நின்றால் எனக்குத் திக்கென்று இருக்கும்.

எல்லோரிடமும் டிராக்டரைப் பற்றிச் சொன்னேன். பின்விளக்கு இல்லாததைப் பற்றிச் சொன்னேன். ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பாலம் வருவதற்குச் சற்று முன்பு அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கை சரியானதும் அவள் மறுபடி வேலைக்குப் போனாள். அரப்பாளையத்தில் ஒரு பஸ், உசிலம்பட்டியில் இறங்கி ஒரு டவுன் பஸ், அப்புறம் யாராவது ஒருவரின் பைக். இது நெடுநாள் ஓடாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பழைய கார் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். சண்டை அங்கேதான் தொடங்கியது.

நான் வாங்க நினைத்தது ஒரு சின்னப் புதுக் கார். ஆறு ஏர்பேக். மோதிப் பார்க்கும் சோதனையில் நல்ல மதிப்பெண். அந்தச் சோதனைப் படங்களைப் போனில் பார்ப்பதே எனக்கு ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டிருந்தது. பொம்மை மனிதர்களை உட்கார வைத்துக் காரைச் சுவரில் மோதுவார்கள். பொம்மையின் இடது கையை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன்.

மகள் சாப்பாட்டு மேசையில் தன் போனை நீட்டினாள். பைபாஸ் ரோட்டில் பழைய கார் விற்கிற ஒருவரிடம் நிற்கிறதாம். சிவப்பு நிறம். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இரண்டே கதவு.

என் வீட்டுக்காரர் சிம்மக்கல்லில் சாக்கும் கயிறும் மொத்த வியாபாரம் செய்கிறவர். எந்தப் பொருளையும் புரட்டிப் பார்க்காமல் விடமாட்டார். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு கதவுதான் இருக்கு. மிச்ச ரெண்டையும் கழட்டி வித்துப்புட்டானா?"

"ஸ்போர்ட்ஸ் கார்ப்பா. கூப்பேன்னு சொல்லுவாங்க. அப்படித்தான் வரும்."

"நீ என்ன ரேஸுக்கா போற? மாட்டுக்கு ஊசி போடப் போற. இந்த வண்டி மாட்டுக்கு அடியில பூந்து அந்தப் பக்கம் போயிரும் போலயே."

நான் சிரிக்கவில்லை. "இதுல எத்தனை ஏர்பேக்?"

"ரெண்டு."

"அதுல ஆறு."

"ம்மா, ஒடஞ்சது ஒரு கைதான். நீ என்னமோ அம்புட்டு எலும்புக்கும் சேத்துப் பாக்குற."

"பத்து வருசத்து வண்டி. யாரு ஓட்டுனாங்களோ, எங்க இடிச்சாங்களோ."

"மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டியாச்சு. இஞ்சின், பிரேக்கு எல்லாம் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாரு."

"எதுக்கு அது? காரணம் சொல்லு."

"பிடிச்சிருக்கு" என்றாள். சின்ன வயதிலிருந்தே எதற்கும் நான்கு காரணம் சொல்லுகிற பெண். காரணம் சொல்லாமல் அடம்பிடித்தது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. வேகத்தில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். சாவைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு துணிச்சல் வரும் என்று எங்கோ படித்திருந்தேன்.

ஒரு மாதம் இப்படியே போனது. அவள் தினமும் பஸ்ஸில் போய்க் களைத்து வந்தாள். ஒரு வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு பேரும் பேசிப் பேசி எனக்குக் காது வலிக்குது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூக்கட்டிப் பாத்துருவோம். முனியாண்டி என்ன சொல்றாரோ அதான்."

கல்லூரியில் வேதியியல் நடத்துகிற நான் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்க்காமல் பெரிய காரியம் எதுவும் நடந்ததில்லை. இந்த மனை வாங்கியது, கடையை இடம் மாற்றியது, அவளைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்த்தது, எல்லாம் அப்படித்தான். வெள்ளைப் பூவை ஒரு காகிதத்திலும் சிவப்புப் பூவை ஒரு காகிதத்திலும் மடித்து நூலால் கட்ட வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று முன்பே நேர்ந்துகொண்டு சாமி முன்னால் போடுவோம். விஷயம் தெரியாத யாரையாவது கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. சாமி சொன்ன பிறகு சரிபார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது ஆகும். அதை அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

மகள் உடனே ஒத்துக்கொண்டாள். வெள்ளை என்றால் புதுக் கார், சிவப்பு என்றால் அந்தச் சிவப்புக் கார். காலையில் அவளே போய்ப் பக்கத்து வீட்டுச் செடியிலிருந்து ஐந்து செவ்வரளி பறித்து வந்து தந்தாள். நந்தியாவட்டை எங்கள் வாசலிலேயே இருந்தது. பொட்டலம் கட்டுவது எப்போதும் என் வேலை.

அடுப்படியில் தனியாக நின்று கட்டினேன். முதல் பொட்டலத்தில் நந்தியாவட்டை வைத்தேன். இரண்டாவது காகிதத்தை விரித்து அரளியை எடுத்தேன். ஒரு நொடி அந்த ஓடை கண்ணுக்குள் வந்துவிட்டது. அவள் பக்கத்துக் கதவு உள்ளே வந்திருந்த விதம். அரளியைத் தட்டிலேயே வைத்துவிட்டு இரண்டாவதிலும் நந்தியாவட்டையை மடித்தேன்.

எட்டு மாதத்தில் முதல் முறையாகப் பயப்படாமல் ஒரு வேலை செய்தேன்.

தெருமுனை முனியாண்டி கோயிலில் பூசாரி இரண்டு பொட்டலத்தையும் குலுக்கிச் சாமி காலடியில் போட்டார். சூடம் காட்டினார். பூ விற்கிற அக்கா ஒருத்தியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"அப்புறமென்ன, உத்தரவு ஆயிருச்சு" என்றார் என் வீட்டுக்காரர். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். சாமியைப் பார்க்க முடியாததால்தான் மூடினேன். மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மகள் கிணற்றுப் பக்கம் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் புதுக் கார் ஷோரூமுக்குப் போனோம். அங்கிருந்த பெண் சிரித்த முகத்தோடு முன்கதவைத் திறந்தாள்.

"மேடம், நீங்க முன்னாடி உக்காருங்க. ஃபீச்சர்ஸ் எல்லாம் நல்லாத் தெரியும்."

"இல்லம்மா, நான் பின்னாடியே உக்காந்துக்கிறேன்."

மகள் ஓட்டினாள். எனக்கு முன்னால் அவள் தலை. அந்தப் பெண் முன்சீட்டிலிருந்து திரும்பி, பக்கவாட்டில் எப்படி ஏர்பேக் விரியும், மேலிருந்து எப்படித் திரை மாதிரி இறங்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் தலையாட்டினேன். வலது கால் புது மிதியடியை அமுக்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் மகள் என்னைப் பார்த்தாள். எத்தனை தடவை பார்த்தாள் என்று நான் எண்ணவில்லை. 'ரோட்டைப் பாருடி' என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்ததும் அந்தப் பெண் படிவம் எடுக்கப் போனாள். என் வீட்டுக்காரர் சீட்டு உறையின் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். நான் கட்டிய நூல். நான் போட்ட முடிச்சு.

"பிரிம்மா."

"இதைக் கிணத்துல போடலையா?"

"பிரி."

"பிரிக்கக் கூடாது."

"அப்ப நானே சொல்றேன். உள்ள வெள்ளை."

அவள் குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"எப்படித் தெரியும்?"

"நான் பறிச்சுக் குடுத்தது அஞ்சு அரளி. கோயிலுக்குக் கெளம்பும்போது நம்ம வீட்டுச் சாமி படத்துல அஞ்சு அரளி இருந்துச்சு."

சாமிக்கென்று பறித்த பூவைக் குப்பையில் போட என் கைக்கு மனம் வரவில்லை. பூஜை அலமாரியில், முருகன் படத்துக்கு மேல் வரிசையாக வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் புறப்பட்டிருந்தேன். சாமியையே ஏமாற்றத் துணிந்தவள், ஐந்து பூவைத் தூக்கி எறியத் துணியவில்லை. இப்படி ஒரு தடயத்தை எந்தத் திருடியும் விட்டிருக்க மாட்டாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அப்பா கேலி பண்ணியே கொன்னுருவாரு. அதான் பேசாம வந்தேன்."

என் வீட்டுக்காரர் காது இந்தப் பக்கம்தான் இருந்தது. "யாரு, யாரைக் கேலி பண்றது?" என்றார். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "அடியாத்தீ!" என்றார். பிறகு தையலைத் தடவுவதற்கே திரும்பிப் போய்விட்டார்.

"உனக்கு வேகமாப் போகணும்னு ஆசை வந்துருச்சுன்னு பயந்துட்டேன்" என்றேன்.

"வேகமா? அந்த ரோட்டுலயா? எருமை நகர்ந்தாத்தான் நானே நகர முடியும்." என் கையிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டாள். "அந்தக் கார்ல பின்சீட்டு கெடையாதும்மா. சும்மா ஒரு பலகை இருக்கு, பை வைக்கிறதுக்கு. அதுல ஏறுனா நீ முன்னாடிதான் உக்காந்தாகணும். எம் பக்கத்துல."

படிவத்தோடு வந்த பெண்ணிடம் மகளே சொன்னாள், "அடுத்த வாரம் வாரோம்."

வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக நான் அவளுடைய கையையும் உயிரையும் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவளோ, எந்தக் காரில் ஏறினாலும் தன் அம்மா ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று தான் ஓட்டியபோதும் கண்ணாடியில் அதையேதான் பார்த்தாள். என் பயம் அவளுக்கு எப்படித் தோன்றியிருக்கும்? 'நீ என்னைக் கொன்றுவிடுவாய்' என்று சொல்வது மாதிரிதானே?

மாலையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தச் சிவப்புக் கார்ல ஒருதடவை வாரேன்" என்றேன். "செக்கானூரணி வரைக்கும். அதுக்கு மேல வரமாட்டேன்." பாலம் அதற்கு அடுத்துத்தான் இருக்கிறது.

"செக்கானூரணி வரைக்கும் போதும்" என்றாள். மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

அடுத்த ஞாயிறு காலை பைபாஸ் ரோட்டுக்குப் போனோம். கார் விற்கிறவர், இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்பதால் தான் கூட வர வழியில்லை என்று வருத்தப்பட்டார்.

"அண்ணே இங்கயே இருக்கட்டும்க்கா. நீங்க வண்டியோட வந்து அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"என்னைய ஈடா வச்சுக்கிறியாக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். "அவுங்க வண்டி புடிச்சிருக்குன்னு அப்படியே போயிட்டா நீ என்னைய வச்சு என்ன செய்வ?"

"அதுக்குத்தாண்ணே நானும் யோசிக்கிறேன்."

முன்சீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பதே சரி. கால்களை நீட்டி, ஏதோ தொட்டியில் படுத்த மாதிரி இருந்தது. சாலை நேராக என் முகத்துக்கு வந்தது. பஸ் சக்கரங்கள் என் தலை உயரத்துக்குச் சுழன்றன. காளவாசல் தாண்டும்வரை மூச்சை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் மெதுவாக ஓட்டினாள். நாகமலை இடப்பக்கமோ வலப்பக்கமோ வந்து போனது, நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் காரின் அடிவயிறு கர்ரென்று தேய்ந்தது. "ஐயோ" என்றேன் ஒவ்வொரு தடவையும். மூன்றாவது வேகத்தடையில் அவளும் சேர்ந்து "ஐயோ" என்றாள்.

செக்கானூரணியில் வண்டியைத் திருப்ப ஓரம் கட்டினாள். நான் கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். மார்போடு அணைத்த கையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி. பின்னால் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு அவள் புருஷன்.

"டாக்டரம்மா! டாக்டரம்மா! நல்லவேள வந்தீக! பஸ்ஸுல ஆட்டை ஏத்த மாட்டேங்குறான் தாயி! மொபெட்டுல குலுங்குனா இதுக்கு மூச்சு முட்டுது!"

மகள் இறங்கிக் குட்டியின் இடது விலாவைத் தட்டிப் பார்த்தாள். தவில் மாதிரிச் சத்தம் வந்தது.

"என்ன தின்னுச்சு?"

"கல்யாண வீட்டுல கொட்டுன சோறு தாயி. எம்புட்டுத் தின்னுச்சோ, பாவி முண்ட."

"மூச்சு முட்டுது. கருவி எல்லாம் மருந்தகத்துலதான் இருக்கு." மகள் என்னைப் பார்த்தாள். மருந்தகம் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமலும் இல்லை.

அந்தப் பெண் காருக்குள் எட்டிப் பார்த்தாள். "பின்னால எடமே இல்லையே. இதென்ன தாயி, பாதி வண்டியா?"

"இங்க குடுங்க" என்று கையை நீட்டினேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

குட்டி என் மடிக்கு வந்தது. வயிறு ஊதிக் கல்லாக இருந்தது. "முன்னங்காலையும் தலையையும் மேல தூக்கிப் பிடிச்சுக்க. படுக்கவிடாத. இடது பக்கம் வயித்தை அமுக்கித் தேய்ச்சுக்கிட்டே வா" என்று சொல்லிவிட்டு மகள் கதவைச் சாத்தினாள். கிளப்பும்போது என் மடியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு ஏர்பேக்தான் இருக்குன்னு கொறப்பட்டேல்ல, இந்தா மூணாவது."

"ரோட்டைப் பாருடி!"

குட்டி கண்ணைச் செருகும்போதெல்லாம் நான் அதன் தாடையை உயர்த்தினேன். அது என் தோளில் எச்சில் வடித்தது. பிறகு என் சேலையில் நனைத்தது. புழுக்கையும் போட்டது. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சோறு புளித்து வாயு சேர்ந்திருக்கிறது, சோடா உப்பும் எண்ணெயும் இருந்தால் கொஞ்சம் அடங்குமா என்று கேட்டேன். அடங்கும், ஆனால் குழாய் விட்டு வாயுவை வெளியேற்றினால்தான் பிழைக்கும் என்றாள். எவ்வளவு தடிமன் குழாய் என்று கேட்டேன். இருபத்தைந்து வருடம் பாடம் நடத்திய வாய், பயத்திலும் கேள்வி கேட்கிறது. கார் தேய்ந்த சத்தம் ஒன்றிரண்டு கேட்டது. இப்போது யாரும் ஐயோ சொல்லவில்லை.

மருந்தகத்தில் உதவியாளர் பூட்டைத் திறந்து வைத்திருந்தார். மகள் கிளம்புவதற்கு முன்பே போனில் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது, அதையும் நான் கவனிக்கவில்லை. குட்டியை மேசையில் நிறுத்தி, வாயில் ஒரு கட்டையைக் கொடுத்து, குழாயை மெல்ல இறக்கினாள். இடது கையால் தாடையைப் பிடித்திருந்தாள். தகடு வைத்த கை. அசையவில்லை. புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. அந்த நாற்றத்தை எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் நான் முகர்ந்ததில்லை. குட்டியின் விலா கண் முன்னால் தாழ்ந்தது. சிறிது நேரத்தில் அது தலையை உதறி, "மே" என்றது.

மொபெட்டில் வந்து சேர்ந்த அந்தப் பெண் குட்டியை வாரிக்கொண்டாள். பிறகு என் சேலையைப் பார்த்தாள். "பாழாப்போச்சே தாயி, நல்ல சேலையாட்டம் இருக்கே."

"நல்ல சேலைதான்" என்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளிடம் கேட்டேன், "பாலம் வந்துச்சா?"

"வந்துச்சு. போச்சு."

"எப்ப?"

"குழாய் எம்புட்டுத் தடிமன்னு நீ கேட்டப்ப."

திரும்பும்போது நானே பாலத்தில் நிறுத்தச் சொன்னேன். ஓடையில் வேலிக்கருவை முளைத்திருந்தது. எங்கள் காரின் கண்ணாடித் துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. காரிலிருந்து இறங்காமலே, எதிரே பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"அன்னைக்கு நான் ரோட்டைப் பாக்கல. உன்னைத் திரும்பிப் பாத்தேன்."

ஒரு லாரி போனது. கார் ஆடியது.

"தெரியும்மா. நீ பாக்கணும்னுதான் சிரிச்சேன். முதல் தடவையா ஒரு பசுமாட்டுக்குச் சினை பாத்ததைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். நானும் ரோட்டைப் பாக்கல."

எட்டு மாதமாக நான் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்ததன் மறுமுனையை அவளும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அழுதேன். ஆட்டு நாற்றத்தோடு, தொட்டி மாதிரிச் சீட்டில் கிடந்தபடி அழுதேன். அவள் கைக்குட்டை தேடினாள். கிடைத்தது கார் துடைக்கிற துணிதான்.

"இந்தக் காரையே வாங்கிக்க" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டே. மனதாரத்தான் சொன்னேன்.

அவள் என் மடியையும், பின்னால் இருந்த பலகையையும் பார்த்தாள். "ஆட்டை எங்கம்மா போடுறது?"

"என்ன?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை இப்படி யாராச்சும் வருவாங்க. ஒவ்வொரு தடவையும் நீயா மடில வச்சுக்கிட்டு வருவ? கன்னுக்குட்டின்னா என்ன செய்வ?" ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவினாள். ஆசையில்லாமல் இல்லை. "வயிறு வேற தட்டுது. நம்ம ஊருக்கு ஆகாது. நல்ல வண்டிதான், பாவம்."

கார் விற்கிறவர் கதவைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனார். "என்னக்கா வாடை? ஆடா? இதுலயா? இதுல சினிமாக்காரங்க போறது மாதிரிப் போகணும்க்கா!"

"நானும் இம்புட்டு நேரம் அதையேதான்யா நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்ற என் வீட்டுக்காரர், அவரிடமிருந்த வாளியை வாங்கித் தானே சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். அதற்குள் மூன்று டீ குடித்து, இருவரும் உறவு கொண்டாடும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

புதுக் காரைப் பதிவு செய்தோம். சிவப்பு நிறம்தான் வேண்டும் என்று நான் கேட்டேன். வந்த அன்று நேரே முனியாண்டி கோயிலுக்குப் போனோம். பூசாரி டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் ஐந்து செவ்வரளியைச் சாமி காலடியில் வைத்தேன். எதற்கு என்று பூசாரி கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "எண்ணி வச்சிருக்கா, அஞ்சுதான்" என்று மகள் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

எலுமிச்சம்பழம் நசுங்கியதும் நான் பழக்கதோஷத்தில் போய்ப் பின்கதவைத் திறந்தேன். சீட்டு முழுக்கச் சிம்மக்கல் கடையின் சாக்கு விரித்திருந்தது. நான்கு மூலையிலும் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து பார்த்த வேலை. மேலே ஒரு வாளி, கையுறைப் பெட்டி, குழாய்.

"அது ஆடு உக்கார்ற இடம்மா" என்றாள் மகள், ஓட்டுகிற இடத்திலிருந்து. "நீ முன்னாடி வா."

"அப்ப நான்?" என்றார் அவள் அப்பா.

"நீங்க ஆட்டோட."

இப்போது சனிக்கிழமைகளில் அவளோடு மருந்தகம் வரை போகிறேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். எதிரே பஸ் வந்தால் இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பாலம் வரும்போது அவள் பேசுவதை நிறுத்திக்கொள்கிறாள். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாள். நான் சாலையைப் பார்த்தபடியே கேட்கிறேன். போன வாரம் ஒரு டிராக்டரைப் பார்த்ததும் என் வலது கால் தானாக மிதியடியை அமுக்கியது. அவள் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்திருந்தாள்.

"அமுக்கும்மா" என்றாள். "நல்லா அமுக்கு. எனக்கும் ஒத்தாசையா இருக்கு."